நூற்றுப்பதினேழு பாக்கு தாங்கிய பிலிம்

ரெத்தினதாஸ் ஷார்ஜாவிலிருந்து வந்து இறங்கி ஐந்து மாதமாகிவிட்டது. இந்த ஐந்து மாதத்தில் கேரள எல்லையோரத்து உதியன்குளங்கரை ஜங்ஷனில் ஒருத்தர்கூட அவனைப் பார்த்துச் சௌக்கியமா என்று கேட்டதில்லை. எல்லாருக்கும் ஒரே கேள்விதான்.

"இனி எப்பம் போறது?"

மீன்காரி சாளையை எண்ணிப் போடும்போது கேட்டாள். முடி வெட்டுகிறவர் கத்தரியைக் காதோரம் நிறுத்தி வைத்துக் கேட்டார். சர்ச்சில் பாட்டுக்கு எழுந்து நின்றால் பின் பெஞ்சிலிருந்து தோளைத் தட்டிக் கேட்டார்கள். பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டரும் கேட்டார். வாய் நிறையப் பஞ்சு இருந்ததால் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வந்த நாளிலிருந்து அவன் நிம்மதியாக இருந்தது அந்தக் கால்மணி நேரம்தான் என்று அவன் மனைவி கிருபாபாயே சொன்னாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

திரும்பிப் போக இடமில்லை என்பதுதான் விஷயம். அவன் ஒன்பது வருஷம் வேலைக்கு நின்றது ஒரு விளையாட்டுச் சாமான் கடையில். கடையை மூடும்போது முதலாளி வேலைக்காரர்களை அழைத்து, ஆளுக்கொரு சாமான் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். மற்றவர்கள் பேட்டரி கார், கண்ணடிக்கிற பொம்மை என்று மூளையோடு எடுத்தார்கள். ரெத்தினதாஸ் மேல்தட்டைப் பார்த்தான். யாரும் வாங்காமல் ஒன்பது வருஷமாக அங்கே கிடந்த, வாரத்துக்கு இரண்டு தடவை அவன் தூசி தட்டிய விமானப் பெட்டி ஒன்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டான்.

டாக்சியின் மேலிருந்து அந்தப் பெட்டி இறங்கியபோது பக்கத்து வீட்டு ரத்னபாய் தற்செயலாக வேலியருகே பாக்குக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வேலியில் நடக்கிற எல்லாத் தற்செயலுக்கும் அவள் அங்கேதான் இருப்பாள்.

"டிவியா மக்கா?"

"இல்ல அக்கா. பிளேனாக்கும்."

"நீ வந்ததே பிளேன்லதானே? அதையும் கழத்திக் கொண்டு வந்துட்டியா?"

சாயங்காலத்துக்குள் இந்தப் பேச்சு தனுவச்சபுரம் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டது.

ஆவணி நெருங்கியபோது ஊர் கிளப்பின் பிரசிடென்ட் ராஜையா ஓண விழாவுக்கு ஆள் தேடி வந்தார். வருஷாவருஷம் அதே வடம்வலி என்கிற கயிறிழுப்பு, அதே உறியடி, அதே வழுக்குமரம். புதிதாக ஏதாவது வேண்டுமென்று அவருக்கு ஆசை. இருந்தாலும் வாயைத் திறந்ததும் வந்தது பழைய கேள்வியே.

"என்னடே ரெத்தினம், இனி எப்பம் போறது?"

ரெத்தினதாஸுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "போறதெல்லாம் கெடக்கட்டும் அண்ணே. எனக்க பிளேன் பறக்கியதப் பாரும் முதல்ல."

ராஜையா ஒரு வார்த்தைகூடத் திருப்பிக் கேட்கவில்லை. நாலாம் நாள் மெல்லிய ரோஸ் தாளில், மலையாளத்தில் நோட்டீஸ் வந்துவிட்டது. பாயசம் குடிக்கிற போட்டிக்கும் வழுக்குமரத்துக்கும் நடுவே, தடித்த எழுத்தில்: 'விமானம் பறத்தல், கல்ஃப் ரெத்தினதாஸ்.' மூன்றாம் ஓணம், பகல் நாலு மணி.

நோட்டீஸைக் கையில் வாங்கிய பிறகுதான் ரெத்தினதாஸுக்கு ஒன்று ஓர்மை வந்தது. பெட்டியை அவன் இதுவரை திறந்துகூடப் பார்க்கவில்லை. திறந்தான். உள்ளே விமானம் இல்லை; விமானம் ஆகக்கூடிய குச்சிகள்தான் இருந்தன.

அவனுக்குப் பிடிவாதம் உண்டு, அதைச் சொல்லியாக வேண்டும். பத்து நாளில் பசை போட்டு எலும்புக்கூட்டை நிறுத்திவிட்டான். முன்னால் ஒரு சுழலி, வயிற்றுக்குள் நீளமாக ரப்பர். ரப்பரை முறுக்கி விட்டால் சுழலி சுற்றும், விமானம் ஏறும். இறகு மட்டும் வெறும் எலும்பாக, தின்று முடித்த மீன் முள்போல நின்றது. அதன்மேல் தோல் போர்த்த வேண்டும்.

போர்த்துவதற்கு மூன்று சுருள் கடையிலிருந்தே பெட்டியின் வெளிப்பக்கம் கட்டி வந்திருந்தது. ஒன்று சிவப்பு பிலிம், தடிமன். ஒன்று கண்ணாடிபோலத் தெளிந்த பிலிம், மெலிவு. இரண்டையும் இறகின்மேல் வைத்து இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும், இன்னும் கொஞ்சம் சூடு காட்டினால் சுருங்கி மத்தளம்போல விறைக்கும். மூன்றாவது வெறும் டிஷ்யூ தாள். அதில் பூச வேண்டிய வார்னிஷை ஏர்போர்ட்டில் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள்.

சிவப்பா, தெளிவா, தாளா? இறகு வானத்தில் கிழிந்தால் ஊரே கீழே நின்று கேள்வி கேட்கும். என்ன கேள்வி என்று அவனுக்குத் தெரியாதா?

இந்தச் சமயத்தில்தான் கிருபாபாயின் தம்பி கனகதாஸ் உள்ளே வந்தான். கனகதாஸ் ஓலைக் கூரை போட்ட ஒரு பாரலல் காலேஜில், அதாவது டுடோரியலில், பிசிக்ஸ் எடுக்கிறவன். அங்கே லேப் கிடையாது. பதினோரு வருஷமாகக் கருவிகளைச் சாக்பீஸால் போர்டில் வரைந்து, சாக்பீஸாலேயே அளந்து, சாக்பீஸாலேயே விடை கண்டுபிடித்து அவன் கை நிஜக் கருவி ஒன்றுக்கு ஏங்கிப்போயிருந்தது.

"அத்தான், நீங்க சும்மா இரியுங்க. இதுக்கெல்லாம் முறை உண்டு. டெஸ்ட் பண்ணணும்."

"எப்படி?"

"மூணு உயரத்திலயிருந்து ஒரு சாமானைப் போடணும். ஒவ்வொரு உயரத்துக்கும் மூணு தடவை. சராசரி எடுக்கணும். பொறவு கனம் ஏத்திப் பாக்கணும். அதும் மூணு தடவை."

"ஒரு தடவை போட்டாத் தெரியாதா?"

"ஒரு தடவை போட்டா அது சம்பவமாக்கும் அத்தான். மூணு தடவை போட்டாத்தான் சயின்ஸ்."

பிலிமை இழுத்து ஒட்ட ஒரே அளவில் சட்டங்கள் வேண்டியிருந்தன. கிருபாபாய் அங்கன்வாடி டீச்சர். அங்கே உடைந்த சிலேட்டுகள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. கல்லைத் தட்டிவிட்டு மரச்சட்டங்களை எடுத்து வந்தாள். இஸ்திரியும் அவள் பொறுப்பிலேயே வந்து விழுந்தது. அந்த ஊர் வோல்டேஜில் கரண்டு இஸ்திரிப் பெட்டி, பூனை எழுந்துபோன இடத்தின் சூட்டைத்தான் தரும். எனவே தேங்காய்ச் சிரட்டைக் கரி போட்ட பழைய பெட்டி.

"சூடு எவ்வளவு வேணும்?" என்றாள் கிருபாபாய். "பட்டுக்கு உள்ளதா, காட்டனுக்கு உள்ளதா?"

"நூத்தியிருபது டிகிரி அக்கா."

"அந்தச் சேலை எனக்கிட்ட இல்ல மக்கா."

எச்சில் தொட்டுப் பெட்டியைச் சுண்டிப் பார்த்து, பட்டுக்கும் காட்டனுக்கும் நடுவில் ஒரு சூட்டில் தேய்த்தாள். சிவப்பு பிலிம் சட்டத்தில் ஒட்டி விறைத்து டங்கென்றது. கனகதாஸ் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை தட்டினான். பதினோரு வருஷத்தில் அவன் தொட்ட முதல் உபகரணம் அது.

மேலிருந்து போடுவதற்கு ஒரே அளவில் சாமான் வேண்டுமே என்று சுற்றிப் பார்த்தான். வேலிக்கு அந்தப் பக்கம் ரத்னபாயின் பாக்கு, ஒன்றுபோல உருண்டு, ஒன்றுபோலக் காய்ந்து கிடந்தது.

"அக்கா, கொஞ்சம் பாக்கு வேணும். சயின்ஸுக்கு."

"எண்ணித் தருவேன், எண்ணி வாங்குவேன்" என்றாள் ரத்னபாய். எண்ணுகிறேன் என்ற சாக்கில் முற்றத்தில் வந்து உட்கார்ந்தவள், சாப்பிட மட்டும்தான் எழுந்து போனாள்.

அடுத்த பதினைந்து நாள் அந்த முற்றத்தில் பாக்கு விழுகிற சத்தம்தான். ஸ்டூல் உயரம், ஜன்னல் உயரம், கூரை உயரம். கூரைக்கு ஏறினது ரெத்தினதாஸ். கீழே நின்று 'விடுங்க' என்று சொன்னது கனகதாஸ். ஒரு நாற்பது பக்க நோட்டில் நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை என்று தலைப்பிட்டு, பொருட்களில் 'பாக்கு (ரத்னபாய்)' என்று எழுதியிருந்தான். அதைப் பார்த்து ரத்னபாய்க்கு வந்த சிரிப்பு இரண்டு நாள் அடங்கவில்லை.

ஒவ்வொரு தடவையும் புதுத் துண்டு பிலிம். கிருபாபாய் ஒரு நாள் கேட்டும் பார்த்தாள்.

"கிழியாத்த துண்டிலயே திரும்பப் போட்டா என்ன?"

"அடி வாங்கின பிலிம் தளர்ந்து போயிருக்கும் அக்கா. ரிசல்ட் தப்பாயிரும்."

"உனக்க ரிசல்ட்டுக்கு எனக்க சிரட்டை தீருது."

தெளிந்த பிலிம் ஸ்டூலைத் தாங்கியது, ஜன்னலில் பொத்துக்கொண்டது. அப்படியும் கூரையிலிருந்தும் மூன்று தடவை போட்டார்கள். ஜன்னலில் கிழிந்தது கூரையில் கிழியாதா என்று ரெத்தினதாஸ் கேட்டதற்கு, ஊகத்தை நோட்டில் எழுத முடியாது என்று கனகதாஸ் சொல்லிவிட்டான். டிஷ்யூ தாளுக்கு வார்னிஷ் இல்லாததால் மரவள்ளி மாவில் கஞ்சி காய்ச்சிப் பூசினார்கள். வெயிலில் காய்ந்து நன்றாகத்தான் விறைத்தது. ஆனால் டெஸ்டுக்கு முன்னாலேயே ரத்னபாயின் கோழி வந்து மூன்று சட்டத்தையும் கொத்தித் தின்றுவிட்டது. மறுபடி காய வைத்தார்கள். கோழி மறுபடி வந்தது. மூன்றாம் தடவையும் வந்ததும், 'கோழி தின்றது, சராசரி மூன்று' என்று கனகதாஸ் நோட்டில் எழுதித் தாளைத் தள்ளினான்.

சிவப்புதான் ராஜா. கூரையிலிருந்து விட்ட பாக்கு அதில் பட்டுத் துள்ளி, ரத்னபாயின் மடியில் போய் விழுந்தது. பிறகு கனம். பால்பொடி டின்னைச் சிவப்பின் நடுவில் வைத்து ஒவ்வொரு பாக்காகப் போட்டார்கள். முதல் தடவை நூற்றுப்பதினாறாவது பாக்கில் கிழிந்தது. இரண்டாம் தடவை நூற்றுப்பதினெட்டில்.

மூன்றாம் தடவைக்கு ராஜையாவே வந்துவிட்டார். அவர் பின்னால் ஜங்ஷனில் பாதிப்பேர். எல்லாரும் சேர்ந்து வாய்விட்டு எண்ணினார்கள். நூற்றுப்பதினேழில் டின் தொப்பென்று கீழே போனதும் ஒரே கைதட்டு.

"சராசரி நூத்திப்பதினேழு!" கனகதாஸ் நோட்டைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினான்.

"கொள்ளாமே!" என்று மெச்சினார் ராஜையா. ரெத்தினதாஸின் தோளில் கை வைத்தார். ரெத்தினதாஸ் நெஞ்சை நிமிர்த்தினான். "அப்பம் இது பறந்தாச்சுன்னா, நீ எப்பம் போறது?"

முதல் ஓணமான உத்திராடத்தன்று காலை. கிருபாபாய் சர்ச் சேலைகளைத் தேய்த்து முடித்துவிட்டு, கரி அணையும் முன்னே இறகையும் முடித்துவிடலாம் என்று கூப்பிட்டாள்.

"இஞ்ச பாருங்க, சூடு பாகமா இருக்கு. அந்தச் செவப்பை எடுத்துத் தாருங்க."

ரெத்தினதாஸ் சுருளை எடுத்தான். கனமில்லாமல் இருந்தது. உருட்டினான். உருண்டது, ஒன்றும் விரியவில்லை. அட்டைக் குழாய் மட்டும். ஒரு கண்ணை மூடி அதன் வழியாகப் பார்த்தான். மறுபக்கம் கனகதாஸின் முகம் வட்டமாகத் தெரிந்தது.

"எலே, பிலிம் எங்க?"

கனகதாஸ் நோட்டைப் புரட்டினான். உயரத்துக்கு ஒன்பது துண்டு, கனத்துக்கு மூன்று. பன்னிரண்டு. சுருளில் இருந்ததே பன்னிரண்டு துண்டுதான். தெளிந்ததும் அப்படியே. தாளைக் கோழி பார்த்துக்கொண்டது.

"ரிசல்ட் கிட்டியாச்சே அத்தான்" என்றான் மெதுவாக. "செவப்புதான் பெஸ்ட்."

ரெத்தினதாஸ் குழாயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நாளை மறுநாள் நாலு மணிக்கு மைதானத்தில் மைக் வைத்து அவன் பேரைக் கூப்பிடுவார்கள். அவன் மீன் முள்ளைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பான். அத்தனை பேரும் ஒரே வாயாக, மைக்கிலேயே, அந்தக் கேள்வியைக் கேட்பார்கள்.

"பூவாறில உனக்க தங்கச்சி வீட்டுக்குப் போயிரலாமா?" என்றான் கிருபாபாயிடம். "காய்ச்சல்னு சொல்லிரலாம்."

"அங்கயும் அதத்தான் கேப்பினும்" என்றாள் அவள்.

சொன்னவள் இஸ்திரிப் பெட்டியைக் கல்லின்மேல் வைத்துவிட்டு அலமாரியைத் திறந்தாள். அங்கன்வாடிப் பிள்ளைகளின் தாய்மாருக்குக் கொடுக்கச் சொல்லி ராஜையா தந்த ஓண நோட்டீஸ் கட்டு உள்ளே அப்படியே இருந்தது. பிள்ளைகளின் தாய்மார் எல்லாரும் முற்றத்தில் பாக்கு எண்ண வந்தவர்கள்தானே. அவர்களுக்கு எதற்கு நோட்டீஸ்? மெல்லிய ரோஸ் தாள். ஒரு விரலால் தடவிப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷமாகச் சுவரில் சார்ட் ஒட்டுகிற கை அது.

மரவள்ளி மாவைக் கிண்டினாள். கூட ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டாள். கோழி வாய் வைத்தால் துப்பிவிட்டு ஓடும். நோட்டீஸ்களை இறகில் ஒவ்வொன்றாக ஒட்டி, நீர் தெளித்து, நிழலில் காய வைத்தாள். காயக் காயத் தாள் இழுத்துக்கொண்டது. மத்தியானத்துக்குள் இறகு டங்கென்றது. இடது இறகில் 'வழுக்குமரம்' என்றும் வலது இறகில் 'விமானம் பறத்தல், கல்ஃப் ரெத்தினதாஸ்' என்றும் தெளிவாக வாசிக்கலாம்.

கனகதாஸ் சுற்றிச் சுற்றி வந்தான். கை தானாக மடிக்குப் போய் ஒரு பாக்கை எடுத்தது.

"அக்கா, ஒரேயொரு டெஸ்ட்..."

கிருபாபாய் இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தாள். கரி உள்ளே சிவப்பாகக் கனன்றது.

"கீழ வையி மக்கா."

கனகதாஸ் பாக்கைக் கீழே வைத்தான்.

மூன்றாம் ஓணத்தன்று மைதானத்தில் சின்னத் தூறல். வடம்வலியில் கயிறு அறுந்தது. பாயசக் குடியில் ஒருத்தர் ஜெயித்து, ஜெயித்த இடத்திலேயே படுத்துக்கொண்டார். மைதானத்தின் நடுவே வழுக்குமரம் நின்றது. ரத்னபாயின் விளையில் வெட்டின கமுகுதான். பட்டை சீவி, கிரீஸும் எண்ணெயுமாக மூன்று நாள் பூசியிருந்தார்கள். உச்சியில் ஒரு மட்டிவாழைக் குலையும் ஒரு புதுவேட்டியும்.

ராஜையா மைக்கைப் பிடித்தார். முதலில் மலையாளத்தில் ஒரு நீளம், பிறகு தமிழில் ஒரு நீளம். நூற்றுப்பதினேழு பாக்கு தாங்குகிற இறகு என்று இரண்டு பாஷையிலும் சொன்னார். ரெத்தினதாஸ் தாள் இறகைக் கையால் மறைத்துக்கொண்டான். கனகதாஸ் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேறுபக்கம் பார்த்தான்.

ரெத்தினதாஸ் முறுக்கினான். முன்னூறு முறுக்கு. ரப்பர் வயிற்றுக்குள் முடிச்சு முடிச்சாகத் திரண்டது. விமானத்தைத் தலைக்குமேல் தூக்கினான். இவ்வளவு பேர் கூடியிருந்தும் ஒரு நிமிஷம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. விட்டான்.

அது போயிற்று.

ஆட்டம் இல்லை, தடுமாற்றம் இல்லை. சர்ரென்று ஏறி, பாயசப் பந்தலைத் தாண்டி, தென்னைக்குச் சமமாக நிமிர்ந்து, இடதுபக்கம் சாய்ந்து ஒரு சுற்று சுற்றியது. ரோஸ் இறகின் வழியாக வெளிச்சம் தெரிந்தது. ஜனங்கள் வாயைத் திறந்தபடி கழுத்தைச் சுற்றினார்கள். இரண்டாவது சுற்று. ரத்னபாய் எழுந்து நின்று, "எனக்க பாக்கு!" என்று கத்தினாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது. மூன்றாவது சுற்றில் ரப்பர் தீர்ந்தது. சுழலி நின்றது. விமானம் மெதுவாக, மிகவும் மரியாதையாக, சறுக்கி வந்து வழுக்குமரத்தின் உச்சியில் குலைக்கும் வேட்டிக்கும் நடுவே போய் உட்கார்ந்தது.

மைதானமே வெடித்தது. ராஜையா மைக்கில் 'பறந்நு, பறந்நு' என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஐட்டம் வழுக்குமரம். ஏறிப் பார்த்தவர்கள் பதினாலு பேர். பதினாலு பேரும் ஏறின வேகத்தைவிட அதிக வேகத்தில் இறங்கினார்கள். தூறல் கனத்து மழையானது. மரத்தைச் சாய்த்து எடுத்துவிடலாம் என்று யாரோ சொன்னதற்கு ராஜையா ஒத்துக்கொள்ளவில்லை.

"ஏறித்தான் எடுக்கணும். மரத்தைச் சாய்ச்சா, நம்ம ஊர்ல ஏறுவதுக்கு ஆளில்லன்னு நாமளே சொல்லியதுபோலல்லவா? கிளப்புக்குக் கேடுடே."

அதனால் மரம் நின்றது. விமானமும் நின்றது. மூன்றாம் ஓணமான அவிட்டத்தில் ஏறினது மறுநாள் சதயத்திலும் இறங்கவில்லை. காக்கைகள் மட்டிப்பழத்தை ஒவ்வொன்றாகத் தின்று தீர்த்தன. இறகை மட்டும் ஒரு தடவை கொத்திப் பார்த்து, மயில்துத்தம் கசந்ததும் விட்டுவிட்டன. கிரீஸ் காய்ந்தால் ஏறலாம் என்று சிலர். கிரீஸ் காய்வதற்குள் மழை வரும் என்று சிலர். டெஸ்ட் பண்ணாத இறகு எப்படி நிற்கிறது என்று கனகதாஸுக்கு உறக்கம் போயிற்று. தினமும் காலேஜுக்குப் போகிற வழியில் கீழே நின்று விமானத்தைக் குறிவைத்து மூன்று பாக்கு எறிந்துவிட்டுப் போனான். மூன்றும் படவில்லை, நோட்டில் சராசரி பூஜ்யம்.

அந்த வாரம் ரெத்தினதாஸ் மீன் வாங்கப் போனான். மீன்காரி சாளையை எண்ணிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். அவனுக்குத் தெரிந்துபோயிற்று, தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றான்.

"எப்பம் எறங்கும்?" என்றாள் அவள்.

"என்னது?"

"உனக்க பிளேன்தான் மக்கா. எப்பம் எறங்கும்?"

ஜங்ஷனில் முடி வெட்டுகிறவர் கத்தரியை நிறுத்தி அதையே கேட்டார். ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்கு எழுந்தபோது பின் பெஞ்சிலிருந்து தோளைத் தட்டி அதையே கேட்டார்கள். வீட்டுக்கு வந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் ரத்னபாய் பாக்கை எண்ணிக்கொண்டிருந்தாள். இரண்டு பாக்கு குறைகிறது, அது வேறு விஷயம்.

"ரெத்தினம், எப்பம் எறங்கும்?"

ரெத்தினதாஸ் வாசற்படியில் உட்கார்ந்தான். கிருபாபாய் கொண்டுவந்த கட்டன்சாயாவை வாங்கி, ஒரு வாய் குடித்து, காலை நீட்டிக்கொண்டான்.

"இப்பம் ஒண்ணும் எறங்காது அக்கா" என்றான்.